முழங்கால் ஆழம்

இன்று காலை உன் ஆயுதம் கிடைத்தது.

பயணத்துக்குச் சாமான் அடுக்குவதற்காக அலுமாரியின் மேலிருந்த பெரிய சூட்கேசை இழுத்தேன். அது என் தோளில் இடித்துக்கொண்டு கட்டிலில் விழுந்தது. நாலு வருடமாக யாரும் தொடாத பெட்டி. உள்ளே இருந்த வலைப்பையின் சிப்பைத் திறந்ததும் ஏதோ வழுக்கி வந்து காற்பெருவிரலில் குத்தியது. பிள்ளைகள் கடற்கரையில் மண் கிண்டுகிற சிவப்பு பிளாஸ்டிக் மண்வெட்டி. பிடி பாதியில் முறிந்திருக்கிறது. முறிந்த இடத்தில் இன்னமும் தோலைக் கிழிக்கிற கூர். அதன் பின்னாலேயே ஒரு பிடி மணல் கார்ப்பெட்டில் கொட்டியது. வெயிலுக்குப் பூசுகிற கிரீமின் தேங்காய் வாசனையும் லேசாக வந்தது.

பெருவிரலில் இரத்தம். கட்டிலில் உட்கார்ந்து உன்னைத் திட்டினேன். செத்த பிறகும் அடிக்கிறாயே எருமை என்றேன். நீ போன இந்த இரண்டு வருடத்தில் வாய்விட்டு உன்னோடு கதைத்தது அதுதான் முதல் தடவை. பிறகு அழுதேன். அந்த மணலைக் கூட்டி அள்ள மனம் வரவில்லை. அதற்கு முன்னால் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.

நீ அடிப்பதற்கென்றே பிறந்தவள் என்றுதான் உன்னைப் பார்த்த புதிதில் நினைத்தேன். விமானங்களுக்குச் சாப்பாடு கட்டுகிற அந்தக் கிச்சனில் காலை ஆறு மணி ஷிப்டுக்கு நீ புதிதாக வந்திருந்தாய். இருவரும் ஒரே பெல்ட்டில் நின்றோம். தட்டுக்கு ஒரு பாண், ஒரு பட்டர், ஒரு கேக் துண்டு. எட்டு மணி நேரமும் அதுதான் வேலை. அங்கே ஒரு மேற்பார்வையாளன், பெண்களைக் கடந்து போகும்போது இடுப்பில் கை வைத்து விலக்குகிற பழக்கம் உள்ளவன். மூன்றாவது நாள் உன் இடுப்பிலும் வைத்தான். நீ திரும்பிப் பார்க்கவில்லை. அவன் கை சாப்பாட்டு ட்ரொலியின் விளிம்புக்கு வரும்வரை பொறுத்திருந்து, அதன் இரும்புக் கதவை அறைந்து சாத்தினாய்.

அவன் போட்ட கூச்சலில் பெல்ட்டே நின்றுவிட்டது. நீ அவனைப் பார்த்துத் தமிழில், "சொறி, கதவு தானாப் பூட்டிட்டுது," என்றாய். அவனுக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. அன்று மத்தியானம் என் சோற்றுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உன் மேசைக்கு வந்துவிட்டேன்.

எல்லாவற்றையும் நீ அப்படித்தான் செய்தாய். லண்டனில், ஹவுன்ஸ்லோவில் என் வீட்டுக்கு வந்து ஆட்டிறைச்சி வெட்டினால் பக்கத்து வீட்டுக்காரர் சுவரில் தட்டுவார். என் மகள் ஆரணிக்குத் தலை இழுத்துப் பின்னினால் அவள் கண் இரண்டும் மேலே ஏறும். ஆனால் பள்ளிக்கூட வாசலில் உன்னைக் கண்டால் அவள் என்னை விட்டுவிட்டு உன்னிடம்தான் ஓடுவாள். உனக்குக் கலியாணம் ஆனதா என்று ஒருநாள் கேட்டேன். "அது பழைய கதை," என்றாய். பிள்ளைகள்? "உன்ர பிள்ளை காணாதோ எனக்கு?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்ச் சட்டி கழுவினாய். கழுவிய சட்டி நெளிந்துவிட்டது. அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை. உனக்குப் பிள்ளை இல்லை என்று நானே முடிவுகட்டிக்கொண்டேன்.

மயோர்க்காத் தீவுக்குப் போவது என் யோசனை. ஸ்பெயினுக்குப் பக்கத்தில், மத்தியதரைக் கடலில் இருக்கிற தீவு. கிச்சனில் பாதிப் பேர் கோடை விடுமுறைக்கு அங்கே போய் உரிந்த மூக்கோடு திரும்பி வருவார்கள். படத்தில் பார்த்த கடற்கரை என் மனதைப் பிடித்துவிட்டது. பிறையாக வளைந்த குடா. நூறு அடி நடந்தாலும் முழங்காலுக்கு மேல் ஏறாத தண்ணீர். கரையில் சறுக்குமரம், ஐஸ்கிரீம் கடை, உயிர்காப்பாளர் உட்காருகிற உயரக் கதிரை. சின்னப் பிள்ளைகளோடு போகிற குடும்பங்களுக்கு இதைவிடப் பாதுகாப்பான கரை கிடைக்காது என்று எழுதியிருந்தார்கள். ஆரணிக்கு அப்போது எட்டு வயது. நீ வராவிட்டால் தானும் வரமாட்டேன் என்று நின்றாள்.

"எனக்குக் கடல் வேண்டாம்," என்றாய்.

"ஏன், கடல் உன்னைக் கடிச்சதோ?" என்று சிரித்தேன்.

அந்தச் சிரிப்புக்கே நீ என்னை அடித்திருக்க வேண்டும். அடிக்கவில்லை. மூன்று கிழமையாக உன் உயிரை வாங்கினேன். கடைசியில், "வாறன். ஆனா கால் நனைக்க மாட்டன். ஏனெண்டு கேக்கக்கூடாது," என்றாய். கேட்கமாட்டேன் என்று ஆரணியின் தலையில் கை வைத்துச் சத்தியம் பண்ணினேன்.

எல்லோரும் அரைகுறை உடுப்போடு கிடந்த அந்தக் கரைக்கு நீ வேலைக்குப் போடுகிற கறுப்புக் காற்சட்டையோடும் கயிறு கட்டிய சப்பாத்தோடும் வந்தாய். கதிரையைத் திருப்பிப் போட்டு, கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாய். ஆயிரம் பேர் கடலைப் பார்த்துக்கொண்டிருக்க நீ ஒருத்தி ஹோட்டலைப் பார்த்துக்கொண்டிருந்தாய். என் கணவர் அதைப் படம் எடுத்து, "இவவுக்கு ஹவுன்ஸ்லோவிலயே ஒரு கதிரை போட்டிருக்கலாம்," என்று சொன்னார். நீயும் சிரித்தாய். இவர் சொன்னால் நீ எப்போதும் சிரிப்பாய். "அண்ணை, அண்ணை" என்று வாய் நிறையக் கூப்பிடுவாய்.

முதல் நாளே நீ ஒரு சண்டை பிடித்தாய். பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரச் சிறுவன் இடுப்பளவுக்குக் குழி வெட்டிக்கொண்டிருந்தான். நீ எழுந்து போய் ஒரு சொல் சொல்லாமல் சப்பாத்துக் காலால் சுற்றியிருந்த மணலை உதைத்து உதைத்து அதை மூடினாய். அவன் ஓலமிட்டான். தாய்க்காரி உன் முகத்துக்கு நேரே விரலை நீட்டிக் கத்தினாள். நீ அவளை முடித்துவிடுகிற பார்வை பார்த்தாய். நான் நடுவில் புகுந்து நூறு தடவை சொறி சொன்னேன். எனக்கு உன்மேல் எரிச்சல். ஊரெல்லாம் சந்தோஷமாக இருக்கிற இடத்தில் இவளுக்கு மட்டும் என்ன கேடு என்று நினைத்தேன். நினைத்ததை மறைக்காமல் எழுதுகிறேன்.

மூன்றாவது நாள் மத்தியானம் நீ ஐஸ்கிரீம் வாங்கப் போனாய். கடையில் நீண்ட வரிசை. நான் தொப்பியை முகத்தில் போட்டுக்கொண்டு படுத்துவிட்டேன்.

என் கணவரை உனக்குத் தெரியும். சுவிஸில் இருந்து லண்டனுக்கு வந்த நாள் முதல் கட்டட வேலை. கூரைக்கு அடியில் அறை போடுவதில் அவரை விட்டால் ஆள் இல்லை என்று அவரே சொல்வார். ஒரு மண்வெட்டியும் ஒரு வேலையும் இல்லாத நாளும் கையில் கிடைத்தால் அவர் சும்மா இருப்பாரா? பக்கத்துக் குடையில் இருந்தவர்களிடம் இரும்பு மண்வெட்டி ஒன்று இரவல் வாங்கினார். மகளோடு சேர்ந்து வெட்டத் தொடங்கினார். ஒரு மணி நேரத்தில் அவர் நெஞ்சளவு இறங்கிவிட்டார்.

"இஞ்சை வந்து சுவரைப் பாருமப்பா, கத்தியால வெட்டின மாதிரி!" என்று என்னைக் கூப்பிட்டார். எழுந்து போய் விளிம்பில் நின்று பார்த்தேன். உண்மைதான், ஈர மணல் செங்குத்தாக நின்றது. ஆரணி அடியில் நின்று மேலே பார்த்து, "அம்மா! கடலே தெரியேல்லை! ஐ காண்ட் சீ எனிதிங்!" என்று கத்தினாள். நான் கைதட்டினேன். போனை எடுக்கத் திரும்பினேன்.

அப்போதுதான் நீ ஓடி வந்தாய். நீ ஓடி நான் அதற்கு முன்னால் கண்டதில்லை. மூன்று கோன்களும் ஆகாயத்தில் பறந்தன. யாருடைய துவாயையோ மிதித்து, யாரையோ தள்ளி விழுத்தி, விளிம்புக்கு வந்தவுடன் குப்புற விழுந்தாய். கையை உள்ளே விட்டு என் மகளின் பின்னலைப் பிடித்தாய். பின்னலைப் பிடித்தே அவளை மேலே இழுத்தாய். அவள் அலறிய அலறல் இன்னமும் என் காதில் இருக்கிறது. அவளைக் கரைப்பக்கம் எறிந்தாய். ஆம், எறிந்தாய். அவள் இரண்டு முறை உருண்டு எழும்பினாள். உன் விரல்களுக்கிடையில் அவள் மயிர்க்கற்றை இருந்தது.

பிறகு அவளுடைய சிவப்பு மண்வெட்டியை எடுத்து இவரை அடித்தாய்.

"ஏறடா! வெளியில ஏறடா! ஏறடா நாயே!"

தோளில், கழுத்தில், கையில். அண்ணை என்று கூப்பிட்ட வாய். முதல் அடிக்கு இவர் சிரித்தார். மூன்றாவது அடிக்குக் காது கிழிந்தது. ஐந்தாவதோ ஆறாவதோ, மண்வெட்டி முறிந்து தலைப்பகுதி குழிக்குள் விழுந்தது. "உமக்கென்ன விசரோ?" என்று இவர் கத்தினார்.

நான் பாய்ந்து வந்து உன் சட்டையைப் பிடித்தேன். நீ என் கன்னத்தில் அறைந்தாய். தாடை ஒரு பக்கம் திரும்பி, நான் நாலு அடி தள்ளிப் போய் விழுந்தேன். நான் நின்ற இடம் அந்தக் குழியின் விளிம்பு என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. அடி மட்டும்தான் உறைத்தது. எழும்பி வந்து உன் முகத்தில் இரண்டு கையாலும் அடித்தேன். நகத்தால் பிறாண்டினேன். உன் கண்ணுக்குக் கீழே கோடு கோடாக இரத்தம் வந்தது. எனக்கு அது போதவில்லை. இன்னும் ஆழமாகக் குத்தக் கூடிய ஒன்றைத் தேடினேன். தேடியது வாயில் இருந்தது.

"பிள்ளை பெறாத விசரி! பிள்ளை இல்லாத உனக்கு என்னடி தெரியும்? என்ர பிள்ளையில கை வைக்கிறியோ?"

உன் கை அந்தரத்தில் நின்றது. அடிக்க ஓங்கிய கையை நீ இறக்கினாய். வாழ்க்கையில் ஒருமுறைதான் நீ அடிக்காமல் விட்டதைப் பார்த்திருக்கிறேன். என்னைப் பார்த்தாய். அந்தப் பார்வையில் கோபமே இல்லை. அது இருந்திருந்தால் எனக்கு இன்றைக்குக் கொஞ்சம் நித்திரை வரும்.

மணல் சத்தம் போடவில்லை. யாரோ ஒரு பெண் கத்தியதைக் கேட்டுத்தான் திரும்பினேன். குழி இல்லை. முறிந்த மண்வெட்டியை எடுக்கக் குனிந்த மனிதன் குனிந்தபடியே உள்ளே போய்விட்டார். சாய்வான ஒரு பள்ளமும் அதன் நடுவில் இவருடைய தொப்பியும் மட்டும் கிடந்தன.

நான் அங்கேயே நின்றேன். ஓடவில்லை, கத்தவில்லை. என்னால் ஏலவில்லை. நீதான் ஓடினாய். ஓடி, கிட்டப் போனதும் நிலத்தில் நீட்டிப் படுத்துவிட்டாய். வயிற்றால் ஊர்ந்து போனாய். உதவிக்கு ஓடி வந்த ஆண்களைப் பார்த்து, "கிட்ட வராதேங்கோ! மிதியாதேங்கோ! தள்ளிப் போங்கோடா!" என்று தமிழில் குளறினாய். அந்தக் கரையில் ஒருவருக்கும் தமிழ் தெரியாது. ஆனால் எல்லோரும் நின்றார்கள். தொப்பி கிடந்த இடத்துக்கு ஒரு முழம் தள்ளி இரண்டு கையாலும் கிண்டினாய். அவர் தலை எங்கே இருக்கும் என்று உனக்குத் தெரிந்திருந்தது. முதலில் மயிர் வந்தது, பிறகு நெற்றி. முகத்தை உன் பக்கம் திருப்பி, வாய்க்குள் இரண்டு விரலை விட்டு மணலைத் தோண்டி எடுத்தாய். மூக்கைத் துடைத்தாய். அறைந்தாய். இரண்டு தடவை அறைந்த பிறகு அவர் இருமினார்.

அதற்குப் பிறகும் அவரைப் பிடித்து இழுக்க ஒருவரையும் நீ விடவில்லை. இழுக்க வந்த ஒருவனின் கையைக் கடித்தாய். உயிர்காப்பாளர்கள் பலகைகளைக் கொண்டுவந்து சுற்றிப் போட்டு, நெஞ்சுப் பக்கம் மணலை அள்ளி அள்ளி எடுக்க, அரை மணி நேரம் அவர் தலையை உன் மடியில் வைத்திருந்தாய். "மூச்சு விடு அண்ணை. சின்னன் சின்னனா விடு. பயப்பிடாதை," என்றாய். ஆரணி என் காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாள். நான் உன்னை மட்டுமே பார்த்துக்கொண்டு நின்றேன்.

வெளியே எடுத்தபோது முறிந்த மண்வெட்டி அவர் கையிலேயே இருந்தது. உடைந்தது இரண்டு விலா எலும்பு. அவ்வளவோடு போனது. அந்தத் தீவின் மருத்துவமனையில் அவரை எக்ஸ்ரே படம் பிடிக்க உள்ளே கொண்டு போனார்கள். நாம் வெளியே வாங்குப் பலகையில் இருந்தோம். ஆரணி என் மடியில் நித்திரையாகிவிட்டாள். உன் கைவிரல்களில் நாலு நகம் இல்லை. தாதி கட்டுப் போட்டுவிட்டுப் போனாள். உன் முகத்தில் என் நகக்கோடுகள். நீ எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு, நான் கேட்காமலே சொன்னாய். கேட்கமாட்டேன் என்று சத்தியம் பண்ணியவள் நான், நீதான் சொன்னாய்.

"சண்டை நேரம் நாங்கள் இருந்த பக்கம் களிமண். ஆள் உயரத்துக்குப் பங்கர் வெட்டினா சுவர் மாதிரி நிக்கும். எத்தினை வெட்டியிருப்பன். இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து கடைசியாக் கடற்கரைக்கு வந்திட்டம். அங்கையும் நான் அதே மாதிரித்தான் வெட்டினன். ஆழம் கூடினாத்தான் பிள்ளைக்குப் பாதுகாப்பு எண்டு வெட்டினன். முட்டுக்குடுக்க மரக்குத்தி இல்லை. சீலையளைத் தைச்சு மண்மூட்டை அடுக்கினன். கூறைச்சீலையும் தைச்சன்."

கட்டுப் போட்ட கையைப் புரட்டிப் பார்த்துவிட்டுத் தொடர்ந்தாய்.

"ஈரம் இருக்குமட்டும் மணல் உன்னை நம்பப் பண்ணும். காய்ஞ்சாத்தான் தன்ர குணத்தைக் காட்டும். ஷெல் எங்களுக்குக் கிட்ட விழேல்லை, தெரியுமோ? தூரத்தில விழுந்தது. நிலம் சும்மா ஒருக்கா அதிர்ந்தது. அவன் வெளியில நிக்கோணும் எண்டு அழுதவன். உள்ளுக்குச் சூடு, மூச்சு முட்டுது எண்டவன். நான்தான் முதுகில ரெண்டு போட்டு இறக்கினனான். நான் தண்ணி எடுக்கப் போன நேரம். ஆறு வயது."

பிறகு, "ஆக்கள் அவன்ர தலைக்கு மேலதான் நிண்டு கிண்டினவை. எனக்கும் அப்ப தெரியாது," என்றாய்.

வீட்டை எதிர்த்துக் கட்டிய கலியாணம் என்பதையும், யாழ்ப்பாணத்தில் உன் வீட்டார் உன்னைத் தலைமுழுகிவிட்டதையும், கணவர் மகனுக்கு ஒரு மாதம் முன்னமே செத்துப்போனதையும் அன்றுதான் சொன்னாய். அவன் பெயரைச் சொன்னாய், ஒரே ஒரு தரம். பிறகு கட்டுப் போட்ட கையால் என் முழங்காலைத் தொட்டு, "மணலில இந்த அளவுக்குத்தான் வெட்டோணும். பிள்ளைக்குச் சொல்லிக் குடு," என்றாய். "நான் சொன்னதை ஒருத்தருக்கும் சொல்லாதை. அவையள் ஐயோ பாவம் எண்டு பாக்கிற பார்வை எனக்கு வேண்டாம். அடிக்கத்தான் வரும்."

அப்போது நான் உன் காலில் விழுந்திருக்க வேண்டும். பிள்ளை பெறாதவள் என்று சொன்ன வாயை நிலத்தில் தேய்த்திருக்க வேண்டும். நான் என்ன சொன்னேன், உனக்கு ஞாபகம் இருக்கிறதா? "தேத்தண்ணி வாங்கிக்கொண்டு வரட்டோ?" என்றேன். நீ, "ஓம், சீனி கூடப் போட்டு," என்றாய். நானும் எழும்பிப் போனேன்.

லண்டனுக்கு வந்த பிறகு நான் செய்ததை இதுவரை யாருக்கும் சொல்லவில்லை. ஷிப்டை மாற்றினேன். மத்தியான ஷிப்ட் கேட்டு வாங்கினேன். ஆரணியைக் கூட்டி வர வேறு ஆள் பிடித்தேன். உன்னைக் கண்டால் உன் கண்ணுக்குக் கீழே என் நகம் போட்ட தழும்புதான் முதலில் தெரிந்தது. அதைப் பார்க்கத் துணிவில்லாமல் உன்னை விட்டு ஒளித்தேன். நீ ஒன்றுமே நடக்காதவள் போல போன் எடுப்பாய். "அண்ணைக்கு விலா எப்பிடி? பிள்ளை படிக்குதோ?" என்பாய். சமைக்கிறேன், பிறகு எடுக்கிறேன் என்பேன். எடுக்கமாட்டேன். இரண்டு வருடம் அடுத்த கிழமை, அடுத்த கிழமை என்று தள்ளினேன். ஒரு வசனம்தான் சொல்ல வேண்டியிருந்தது.

நீ ஒரு மாசி மாதக் காலையில் வேலைக்குப் போகிற வழியில் பஸ் தரிப்பில் விழுந்துவிட்டாய். தலைக்குள் நரம்பு வெடித்தது என்றார்கள். எனக்குச் செய்தி வந்தபோது பெல்ட்டில் நின்றேன். தட்டுக்கு ஒரு பாண். கையில் இருந்த தட்டுகளை எல்லாம் சுவரில் எறிந்தேன். என்னைப் பிடித்து உட்கார வைக்க மூன்று பேர் தேவைப்பட்டார்கள்.

நம்மவர் ஒருவர் இங்கே இறந்தால் உடலை ஆஸ்பத்திரி விடுகிறதுக்கு முன்னமே மரண அறிவித்தல் வந்துவிடும், அது உனக்குத் தெரியும். பிறந்த ஊர், வாழ்ந்த ஊர், யாருடைய மகள், யாருடைய மனைவி, யாருடைய தாய், யாருடைய மைத்துனி. ஒரு பெயர் விடுபட்டால் ஒரு தலைமுறைக்குக் கதைபேச்சு இருக்காது. இருவரும் கிச்சனில் போனில் அவற்றை வாசித்து, செத்தவருக்கு எத்தனை மருமக்கள் என்று எண்ணிச் சிரித்திருக்கிறோம்.

உன் அறிவித்தலை எழுதியது ஹரோவில் இருக்கிற உன் பெரியப்பா மகன். இருபது வருடம் உன்னை எட்டிப் பார்க்காத மனிதன். செய்தி கேட்டு நான் அவர் வீட்டுக்குப் போனபோது லப்டொப்பில் எழுதி முடித்து வைத்திருந்தார். வாசித்தேன். இன்னாரின் அன்பு மகளும், இன்னார் இன்னாரின் பாசமிகு சகோதரியும் ஆவார். அவ்வளவுதான். மனைவி என்று இல்லை. தாய் என்று இல்லை.

"இவவுக்கு ஒரு மகன் இருந்தவன்," என்றேன்.

"அது எங்கட வீட்டில ஒருத்தரும் ஏற்காத கலியாணம்," என்றார். "எப்பவோ முடிஞ்ச சங்கதி. இப்ப ஏன் தங்கச்சி அதைக் கிண்டுறீர்? பிள்ளை குட்டி இல்லாதவ எண்டுதான் இஞ்சை எல்லாருக்கும் தெரியும். அப்பிடியே போகட்டும்."

பிள்ளை குட்டி இல்லாதவ. என் வாயிலிருந்து போன சொல் அந்த மனிதனின் வாயால் எனக்கே திரும்பி வந்தது. அவர் மறுபடி குனிந்து விசையை அழுத்தப் போனார். நான் லப்டொப்பின் மூடியை அறைந்து சாத்தினேன். அவர் விரல்கள் உள்ளேதான் இருந்தன.

அவர் குளறிக்கொண்டு எழும்பினார். "சொறி, தானாப் பூட்டிட்டுது," என்றேன். சத்தியமாக நான் யோசித்துச் சொல்லவில்லை. உன் கையும் உன் வாயும் எனக்குள் எப்போது வந்தன என்று எனக்கே தெரியாது. அவர் போலீசைக் கூப்பிடுவேன் என்றார். கூப்பிடுங்கோ என்றேன். சட்டைக் கழுத்தைப் பிடித்தேன். அவர் மேசையில் இருந்த பூச்சாடி விழுந்து உடைந்தது. பெயரைப் போடாமல் நான் இந்த வீட்டை விட்டு வெளிக்கிட மாட்டேன், செத்தவீட்டிலும் இதைத்தான் சொல்லுவேன், எரிக்கிற இடத்திலும் நின்று சொல்லுவேன் என்று கத்தினேன்.

குசினி வாசலில் நின்ற அவருடைய மனைவிதான் கடைசியில் வாய் திறந்தா. "போடுங்கோப்பா. பெத்தவவைப் பெத்தவ எண்டு எழுதினா எங்களுக்கு என்ன குறைஞ்சு போகுது?" அவ வந்து லப்டொப்பைத் திறந்தா. புருஷனின் பக்கம் பார்க்காமல் என்னைப் பார்த்து, "பிள்ளைக்கு என்ன பேர்?" என்று கேட்டா.

லண்டனில் அந்தப் பெயர் தெரிந்த ஒரே ஆள் நான். "கபிலன்," என்றேன். இரண்டு எழுத்து அடித்தபிறகு அவவின் கண் கலங்கிவிட்டது. மீதியை நான் அடித்தேன். கணவருக்கு அவர்கள் இடம் விடவில்லை, அதற்குமேல் எனக்குச் சண்டை பிடிக்கத் தெம்பும் இல்லை. அதற்கும் சேர்த்து என்னைத் திட்டு.

ஞாயிற்றுக்கிழமை பயணம். அதே தீவு, அதே குடா. இவர்தான் போகவேண்டும் என்றார். குளிர் நாளில் விலா குத்தும்போதெல்லாம் உன் பெயரைச் சொல்லித்தான் தடவுகிறார். ஆரணிக்கு இப்போது பன்னிரண்டு. பின்னல் இழுத்த இடத்தில் மயிர் வளர்ந்துவிட்டது. போன வருடம் போர்ண்மத் கரையில், முன்பின் தெரியாத பிள்ளைகள் குழி வெட்டிக்கொண்டிருந்த இடத்துக்கு நேரே போய் உள்ளே இறங்கினாள். தன் முழங்காலைத் தொட்டுக் காட்டி, "திஸ் மச் ஒன்லி. மை அன்ரி செட் ஸோ," என்றாள். அவர்கள் கேட்கவில்லை. காலால் உதைத்து மூடினாள். தாய்க்காரி கத்தினாள். இந்த முறை நான் சொறி சொல்லவில்லை.

முறிந்த மண்வெட்டியைப் பெட்டிக்குள் திரும்ப வைத்துவிட்டேன். மணலையும் அள்ளி ஒரு பைக்குள் கட்டியிருக்கிறேன். அந்தக் கரைக்குப் போனதும் கதிரையைத் திருப்பிப் போட்டு ஒரு நாள் முழுக்க ஹோட்டலைப் பார்த்துக்கொண்டு இருக்கப் போகிறேன்.

நான் சொல்லாமல் விட்ட வசனத்தை நூற்றுக்கணக்கான பேர் தங்கள் போனில் வாசித்துவிட்டார்கள். கபிலனின் அன்புத் தாயாரும் ஆவார். ஒருத்தருக்கும் சொல்லாதே என்றாய், நான் ஊருக்கே சொல்லிவிட்டேன். கோபமென்றால் வந்து அடி. இந்தத் தடவை திருப்பி அடிக்க மாட்டேன்.